'விஸ்குண்டே' என்ற டச்சுச் சொல் எங்கிருந்து வந்தது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்கு வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு டச்சு கற்பதில் கைகொடுப்பது என் வழக்கம். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வருடத்தில் பெற்றோர் தவறாமல் கேட்கும் ஒரு சொல், 'விஸ்குண்டே'. முதலில் பொருள் கேட்பார்கள். அது தெரிந்ததும், "ஊர் உலகமெல்லாம் மேத்தமேட்டிக்ஸ் என்கிறதே, இவர்கள் மட்டும் ஏன் இப்படி?" என்று ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து பேச்சு நானூறு வருடம் பின்னால் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த பேச்சும் அதுதான். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

"பையனோட டைம்டேபிள்ல விஸ்குண்டேன்னு போட்டிருக்கு. அது என்ன பாடம்?"

கணிதம். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் படித்தது 'ரேக்கனன்', அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல், பின்னம் போன்ற கணக்கு. பன்னிரண்டு வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் இயற்கணிதம், வடிவியல் எல்லாம் சேர்ந்து 'விஸ்குண்டே' ஆகிவிடும். உணவகத்தில் பில் கேட்கும்போது சொல்லும் 'ரேக்கனிங்' ரேக்கனனுக்கு உறவு.

மேல் வகுப்புகளில் விஸ்குண்டே ஏ, பி என்று பிரியும். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பிரிவில் சி, டி கூட உண்டு. ஏ-யில் புள்ளியியல் பக்கம் எடை அதிகம். பொறியியல், இயற்பியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு பி தேவைப்படும். இதை முன்கூட்டியே பள்ளியில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி உச்சரிக்கணும்? நான் சொன்னா கடைக்காரங்ககூட முழிக்கிறாங்க."

முதல் பாதி சுலபம், 'விஸ்'. 'குண்'ணில் உள்ள உயிரொலிதான் சிக்கல். அது நம் உகரம் இல்லை. உதட்டை 'உ'வுக்குக் குவிப்பதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே 'இ' என்று சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய வந்துவிடும். கடைசி 'டே'யை நீட்ட வேண்டாம், 'ட' மாதிரி மங்கலாக முடியும். அழுத்தம் முதல் அசையில்.

"இது ஒரே சொல்லா, ரெண்டு சொல்லா?"

இரண்டு சொல் ஒட்டிய கூட்டுச்சொல். 'விஸ்' என்றால் உறுதியான, ஐயமில்லாத. 'குண்டே' என்றால் அறிவு, ஒரு துறையைப் பற்றிய தேர்ச்சி. சேர்த்துப் பார்த்தால் 'ஐயமற்றதைப் பற்றிய அறிவு'.

'விஸ்' தனிச் சொல்லாக இன்றைய பேச்சில் அரிது. ஆனாலும் சில தொடர்களில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'விஸ் என் சேக்கர்' என்றால் நிச்சயமாக, சந்தேகமே இல்லாமல். சாவின் விளிம்பிலிருந்து ஒருவரைக் காப்பாற்றினால் 'விஸ்ஸ டோட்'டிலிருந்து, அதாவது நிச்சயமான சாவிலிருந்து காப்பாற்றியதாகச் செய்தித்தாளில் எழுதுவார்கள். 'குண்டே' இன்னும் உயிரோடு, சுறுசுறுப்பாக இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

"டச்சுல 'விஸ்ஸன்'னா அழிக்கிறதுதானே? போன்ல டிலீட்டுக்கு அப்படித்தான் வருது. அழிக்கிற அறிவா இது?"

நல்ல கேள்வி, பலரும் கேட்பது. துடைக்க, அழிக்க என்ற பொருளுள்ள 'விஸ்ஸன்' வேறு சொல். கார் கண்ணாடியின் வைப்பரை 'ரௌட்டன்விஸ்ஸர்' என்கிறார்களே, அது அந்தக் குடும்பம். விஸ்குண்டேயின் 'விஸ்'ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் 'விஸ்' சேர்ந்த குடும்பம் 'வேட்டன்', அதாவது தெரிந்திருத்தல். அறிவியலுக்கு டச்சில் 'வேட்டன்ஸ்காப்' என்பதும் அதிலிருந்து வந்ததே. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு 'கெவிஸ்' நினைவுக்கு வரும், அது இதன் நேர் உடன்பிறப்பு. நன்றாகத் தெரிந்துவிட்டது, ஆகவே உறுதி: பொருள் அப்படி நகர்ந்திருக்கிறது.

"அண்ணை, இந்தச் சொல்லை உண்மையாவே ஒராள்தான் உண்டாக்கினவரோ?"

ஓம், பெரும்பாலும் அப்படித்தான். மொழியில் ஒரு சொல்லுக்கு இன்னார்தான் பெற்றோர் என்று விரல் நீட்டிச் சொல்ல முடிவது அபூர்வம். இங்கே அது முடிகிறது. அவர் பெயர் சிமோன் ஸ்தெவின். 1548-ல் புரூஜ் நகரில் பிறந்தவர், 1620-ல் இறந்தவர்.

ஆனால் ஒரு திருத்தம் உண்டு. அவர் எழுதியது 'விஸ்குண்டே' அல்ல, 'விஸ்கொன்ஸ்ட்'. பின்பாதி பிற்காலத்தில் மாறியது. இணையத்தில் பல இடங்களில் "ஸ்தெவின் 'விஸ்குண்டே' என்ற சொல்லை உருவாக்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கருத்தும் முன்பாதியும் அவருடையவை, இன்றைய வடிவம் அவருக்குப் பின் வந்தது என்று சொல்வதே சரி.

"யார் அந்த ஸ்தெவின்? பள்ளிப் புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இல்லையே."

பார்த்திருக்க வேண்டியவர். ஆன்ட்வெர்ப்பில் கணக்கு எழுதும் வேலை, புரூஜ் பகுதியின் வரி அலுவலகத்தில் வேலை என்று தொடங்கியவர். 1581-ல் வடக்கே லெய்டனுக்கு வந்தார். அங்கே பல்கலைக்கழகம் தொடங்கி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. 1583-ல் அதில் பெயர் பதிந்துகொண்டபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. முதல் புத்தகம் 1582-ல் வந்த வட்டி அட்டவணைகள். அதுவரை வட்டிக்கடைக்காரர்கள் பூட்டிவைத்திருந்த கணக்குகளை அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்தார்.

1585-ல் 'டே தீண்டே' என்ற சிறு நூல். ஐரோப்பாவில் தசம பின்னத்தை அன்றாடக் கணக்குக்குக் கொண்டுவந்த நூல் அது. 1586-ல் எடை, சமநிலை பற்றிய நூலும், நீரின் அழுத்தம் பற்றிய நூலும். பிறகு கோட்டை கட்டுவது, கடலிலிருந்து துறைமுகத்துக்கு வழி கண்டுபிடிப்பது, மதகு, காற்றாலை என்று அவர் கை வைக்காத வேலை குறைவு. டச்சுப் படைக்குத் தலைமை தாங்கிய இளவரசர் மவுரிட்ஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பாய்மரம் கட்டிய வண்டியில் இருபத்தெட்டுப் பேரை ஏற்றி ஸ்கேவனிங்கன் கடற்கரையில் ஓடவிட்டதால், அந்தக் காலத்து மக்களுக்குக் கணிதத்தைவிட வண்டிதான் நன்றாகத் தெரிந்திருந்தது.

"கொன்ஸ்ட் எப்படி குண்டே ஆச்சு?"

'கொன்ஸ்ட்' என்பதன் இன்றைய வடிவம் 'குன்ஸ்ட்'. இன்று அதற்குக் கலை என்று பொருள்: ஓவியம், சிற்பம், அருங்காட்சியகம். பதினாறாம் நூற்றாண்டில் அது அவ்வளவு குறுகியதாக இல்லை. முறையாகக் கற்றுத் தேர வேண்டிய எந்தத் திறமையும் 'கொன்ஸ்ட்'தான். நம் 'ஆய கலைகள் அறுபத்துநான்கு' பட்டியலில் கணிதமும் மருத்துவமும் கலையாகவே வருகின்றன அல்லவா, அந்தப் பொருள்.

ஸ்தெவின் மட்டும் இப்படி எழுதவில்லை. 1584-ல் லெய்டனில் அச்சாகி வெளிவந்த டச்சு இலக்கண நூலின் தலைப்பில் இலக்கணத்துக்குப் பெயர் 'லெட்டர்குன்ஸ்ட்'. 1586-ல் கோர்ன்ஹெர்ட் என்ற டச்சு எழுத்தாளர் எழுதிய அறவியல் நூலின் பெயர் 'சேடகுன்ஸ்ட்'. அதே ஆண்டு ஸ்தெவினின் 'வேக்கொன்ஸ்ட்', எடை பற்றிய கலை. அந்தக் காற்று அப்போது வீசிக்கொண்டிருந்தது.

அப்புறம் 'குன்ஸ்ட்' மெல்ல மெல்ல நுண்கலைப் பக்கம் ஒதுங்கியது. அறிவுத் துறைகளுக்கு 'குண்டே' வந்து உட்கார்ந்தது. இரண்டும் 'குன்னன்' (இயலுதல், தெரிந்திருத்தல்) என்ற வினையின் உறவுகள் என்பதால் மாற்றம் உறுத்தவில்லை. பழைய வடிவம் உடனே சாகவுமில்லை. கணித அறிஞரை 'விஸ்கொன்ஸ்டனார்' என்று அழைத்தது நெடுநாள் நீடித்தது. இன்று 'குன்ஸ்டனார்' என்றால் ஓவியர், சிற்பி. கணித அறிஞர் 'விஸ்குண்டிக'.

"எல்லா நாட்டுக்காரனும் கிரேக்கச் சொல்லை வச்சுக்கிட்டான். இவருக்கு மட்டும் ஏன் வேண்டாம்?"

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். நிறையப் பேர் நினைப்பது, "தன் மொழிமேல் பற்று, வேற்றுச் சொல்மேல் வெறுப்பு" என்று. பற்று இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு காரணம் இருந்தது: வேலைக்கு ஆள் வேண்டும்.

ஸ்தெவினுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மிகப் பழைய காலத்தில் மனிதர்கள் எல்லாம் அறிந்திருந்த ஓர் 'அறிஞர் யுகம்' இருந்தது, அதை மீட்க வேண்டும் என்று. அப்படி ஒரு யுகம் இருந்ததற்குச் சான்றில்லை. ஆனால் மீட்கும் வழி என்று அவர் சொன்னது இன்றைக்கும் செல்லும். வானத்தைப் பார்ப்பது, அலையேற்றத்தைக் குறிப்பது, பொருள்களைச் சோதிப்பது எல்லாம் நாலைந்து பண்டிதர்களால் ஆகிற காரியம் இல்லை, ஆயிரக்கணக்கானவர் சேர்ந்து செய்ய வேண்டும் என்றார். அத்தனை பேருக்கும் லத்தீன் கற்றுக்கொடுத்துவிட்டுத் தொடங்க முடியாது. ஆகவே அறிவியல் ஊர் மக்களின் மொழியில் இருக்க வேண்டும்.

'டே தீண்டே'யை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் என்று பாருங்கள். விண்மீன் பார்ப்பவர்கள், நில அளவையாளர்கள், திரைச்சீலைத் துணி அளப்பவர்கள், மதுப் பீப்பாய் அளப்பவர்கள், நாணயச் சாலைத் தலைவர்கள், எல்லா வணிகர்களும். பேராசிரியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பீப்பாய் அளப்பவருக்கு 'மாத்தேசிஸ்' என்ற கிரேக்கச் சொல் வெறும் ஓசை. 'விஸ்' அவர் வீட்டில் புழங்கும் சொல். அதைக் கேட்டதும், இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் என்று பிடிபட்டுவிடும்.

"அப்போ 'விஸ்' என்பது கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பா?"

இல்லை. கிரேக்கத்தில் 'மாதேமா' என்றால் கற்கப்பட்டது, பாடம். அதை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் 'கற்றல் கலை' என்பது போன்ற ஒன்று வந்திருக்கும். ஸ்தெவின் மூலச் சொல்லை விட்டுவிட்டு, அந்தத் துறையின் இயல்பைப் பார்த்துப் பெயர் வைத்தார். மற்றத் துறைகளில் கருத்து வேறுபாடு ஓயாது, இங்கே நிறுவிவிட்டால் முடிந்தது.

தமிழில் 'கணிதம்' எண்ணுவதைச் சொல்கிறது, கிரேக்கம் கற்பதைச் சொல்கிறது, டச்சு உறுதியைச் சொல்கிறது. மூன்றில் எது பொருத்தம் என்று கேட்டால் நான் டச்சுப் பக்கம். எண்ணே இல்லாத கணிதம் ஏராளமாக இருக்கிறது, உறுதி இல்லாத கணிதம் இல்லை.

"டச்சுதான் உலகத்திலேயே சிறந்த மொழின்னு அவர் சொன்னாராமே?"

சொன்னார். 1586-ல் வந்த எடை நூலுக்கு முன்னுரைபோல 'டச்சு மொழியின் மேன்மை பற்றி' என்று ஒரு நீண்ட பகுதி சேர்த்தார். அதில் பட்டியலே போட்டார். தன்மை ஒருமையில் ஓரசையாக வரும் வினைகள் டச்சில் 742, லத்தீனில் வெறும் 5. பெயர்ச்சொற்களுக்கும் இதேபோல எண்ணிக்கை. ஒரு கருத்துக்கு ஓர் ஓசை இருப்பதே சிறந்த மொழிக்கு அடையாளம் என்பது அவர் வாதம். குட்டையான சொற்கள் இருந்தால்தான் அவற்றை ஒட்டிப் புதுச் சொல் செய்ய முடியும் என்பது அடுத்த படி.

முதல் பாதியை நான் ஏற்கவில்லை. ஓரசைச் சொற்களை எண்ணி மொழிகளுக்கு மதிப்பெண் போட முடியாது. இரண்டாவது பாதி வேறு விஷயம். ஒட்டுச்சொல் ஆக்கும் வசதி டச்சில் உண்மையாகவே அபாரம். நீங்கள் கேள்விப்பட்டே இராத கூட்டுச்சொல்லை முதல்முறை படித்தாலும், துண்டுகள் தெரிந்தால் பொருள் ஏறக்குறையக் கிடைத்துவிடும். அவர் புத்தகங்கள் முழுக்க அந்த வசதியைத்தான் பயன்படுத்தின.

"லத்தீனை வெறுத்தாரா?"

இல்லை. எண்கணிதம், இயற்கணிதம் பற்றிய அவருடைய பெரிய நூல், 1585-ல் வந்தது, பிரெஞ்சில் இருக்கிறது. 'டே தீண்டே'க்கும் தானே பிரெஞ்சு வடிவம் எழுதினார். 1605 முதல் 1608 வரை வெளிவந்த அவருடைய தொகுப்பு நூலின் தலைப்பு 'விஸ்கொன்ஸ்டிக கெடாக்டனிஸ்ஸன்'. நம் சொல் தலைப்பிலேயே நிற்கிறது. கூடவே லத்தீன் பதிப்பும் வந்தது. அதைப் பெரும்பாலும் மொழிபெயர்த்தவர் ஸ்னெல்லியுஸ். ஒளி விலகல் விதி பற்றிப் படிக்கும்போது 'ஸ்னெல் விதி' என்று வருமே, அவரேதான்.

"சொல்லைப் புத்தகத்தில் எழுதினா போதுமா? ஜனங்க வாயில எப்படிப் போச்சு?"

போதாது. 1600-ல் இளவரசர் மவுரிட்ஸின் விருப்பப்படி லெய்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பொறியாளர் பள்ளி தொடங்கியது. பெயர் 'டௌட்ஸ மாத்தெமாட்டீக்'. சொல்லிக்கொடுத்தது முழுக்க டச்சில். பாடத்திட்டம் எழுதியவர் ஸ்தெவின். ஆசிரியர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பையின் மதிப்பைத் தசமத்தில் 35 இடம்வரை கணக்கிட்ட லுடோல்ஃப் வான் கோய்லன். ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். கோட்டை கட்டவும் நிலம் அளக்கவும் ஆட்கள் சீக்கிரம் தேவைப்பட்டார்கள். தேவையான அளவு கணிதம், வகுப்பிலேயே கேள்வி கேட்க நேரம், கோடையில் படை முகாமில் நேரடி வேலை என்று திட்டம் இருந்தது. களத்தில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் லத்தீன் பேசிக்கொள்வதில்லை, பிறகு ஏன் லத்தீனில் படிப்பது என்பதுதான் காரணம்.

பள்ளியின் பெயரிலேயே கிரேக்கச் சொல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புதுச்சொல் வந்த மறுநாளே பழையது போய்விடாது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்த நில அளவையாளரும் மேஸ்திரியும் டச்சுக் கலைச்சொற்களோடு வெளியே வந்தார்கள். தச்சுப் பட்டறையிலும் கோட்டை மதில்மேலும் அந்தச் சொற்கள் புழங்கின. 1606-ல் யூக்ளிடின் முதல் ஆறு பகுதிகள் டச்சில் வந்தன, மொழிபெயர்த்த டௌ ஒரு நில அளவையாளர். சொல் நிலைத்ததற்கு இந்த ஆட்களே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

"அவர் போட்ட வேற சொல்லு இன்னும் பிழைச்சிருக்கா?"

உங்கள் பிள்ளையின் வடிவியல் பாடத்தைத் திறந்தால் போதும். இணைகோட்டைக் குறிக்கும் 'ஏவன்வெய்டிக்': 'சம அகலமுள்ள', இரண்டு கோடுகளுக்கும் இடையே எங்கும் ஒரே அகலம். தொடுகோடு 'ராக்லெய்ன்', தொடும் கோடு. விட்டம் 'மிடல்லெய்ன்', நடுக்கோடு. இவை அவர் உருவாக்கியவை, அல்லது அவர் நூல்கள் வழியே பரவியவை.

செத்துப்போனவையும் நிறைய, அதை யாரும் சொல்வதில்லை. 'வேக்கொன்ஸ்ட்' போய் 'ஸ்டாட்டிகா' வந்துவிட்டது. நீரழுத்த இயலுக்கு அவர் வைத்த 'வாட்டர்விக்ட்' இன்று வழக்கில் இல்லை. தருக்கத்துக்கு வைத்த 'பெவெய்ஸ்கொன்ஸ்ட்' போய் 'லோகிகா'. புவியியலுக்கு 'ஏர்ட்க்ளோட்ஸ்க்ரிஃப்ட்', பூமி உருண்டையைப் பற்றிய எழுத்து என்றார். இன்று பள்ளியில் அது 'ஆர்ட்ரெய்க்ஸ்குண்டே'. ஒரு எச்சரிக்கை: அதில் உள்ள 'க்ளோட்' அன்று வெறும் உருண்டை, இன்று கெட்ட வார்த்தை. பிள்ளைகளை வகுப்பில் சொல்லிப் பார்க்க விடாதீர்கள்.

"நாத்தூர்குண்டே, ஸ்கெய்குண்டே எல்லாமே அவர் வேலைதானா?"

எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது. 'குண்டே' ஒரு அச்சுபோல ஆகிவிட்டது, பின்னால் வந்தவர்கள் அதில் வார்த்துக்கொண்டே போனார்கள். இயற்பியல் 'நாத்தூர்குண்டே', இயற்கை அறிவு. வேதியியல் 'ஸ்கெய்குண்டே', பிரித்தெடுக்கும் அறிவு. வானியல் 'ஸ்தெர்ரன்குண்டே'. மருத்துவம் 'கெநேய்ஸ்குண்டே'. மேலே சொன்ன 'லெட்டர்குன்ஸ்ட்'டும் 'லெட்டர்குண்டே' ஆனது, பொருளும் இலக்கணத்திலிருந்து இலக்கியத்துக்கு நகர்ந்தது.

ஆக்சிஜனுக்கு 'சூர்ஸ்டாஃப்', ஹைட்ரஜனுக்கு 'வாட்டர்ஸ்டாஃப்' என்பவை ஸ்தெவின் செய்தவையா என்றும் கேட்கிறார்கள். இல்லை. அந்த வாயுக்கள் கண்டறியப்பட்டதே அவர் இறந்து நூற்றைம்பது வருடம் கழித்து.

"விஸ்ஸுக்கும் நம்ம வித்தைக்கும் தொடர்பு இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். கதை விடுறாரா?"

கதை இல்லை, ஆனால் வழி சுற்றிப் போகிறது. 'விஸ்', 'வேட்டன்' எல்லாம் 'அறிதல்' என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருத 'வித்', 'வேத', 'வித்யா' அதே வேரின் கிளைகள். வித்யாதான் தமிழில் வித்தை ஆனது. பின்பாதி 'குண்டே'யும் அறிதலைக் குறிக்கும் இன்னொரு பழைய வேரைச் சேர்ந்தது. சமஸ்கிருத 'ஞான' அதன் உறவு. ஆக, விஸ்குண்டேயின் இரண்டு பாதியும் அடிமட்டத்தில் அறிவையே சொல்கின்றன.

இதை வைத்துத் தமிழிலிருந்து டச்சு வந்தது என்று யாராவது கிளப்பினால் நம்ப வேண்டாம். வித்தையும் ஞானமும் தமிழ் கடன் வாங்கிய சொற்கள், உறவு அந்தக் கடன் வழியாக வருவது.

"ஐரோப்பாவிலேயே டச்சுல மட்டும்தான் சொந்தப் பெயர் இருக்காமே?"

அடிக்கடி சொல்லப்படுவது, சரியில்லாதது. ஐஸ்லாந்து மொழியில் 'ஸ்டைர்த்ஃப்ரைதி', அளவு பற்றிய இயல். ஃபாரோ தீவுகளின் மொழியிலும் இதே அமைப்பு. டச்சுச் சொல்லின் தனித்தன்மை உறுதி என்ற கருத்தைப் பெயராக்கியதில் இருக்கிறது. டச்சின் கிளையான ஆஃப்ரிகான்ஸிலும் இதே சொல்தான்.

"சில இடத்தில் 'மாத்தெமாட்டிஸ்'னும் பார்க்கிறேனே?"

இரண்டும் உண்டு. கிரேக்க வழிச் சொல் படிப்பாளிகள் நடையில் இன்றும் தலைகாட்டும். ஆம்ஸ்டர்டாமில் 1946-ல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கு 'மாத்தெமாட்டிஸ் சென்ட்ரம்' என்றுதான் பெயர். 1983-ல் அது 'சென்ட்ரம் விஸ்குண்டே என் இன்ஃபார்மாட்டிகா' ஆனது. பேச்சில் விஸ்குண்டே என்றே சொல்லுங்கள்.

"டௌட்ஸ என்றால் ஜெர்மன் அல்லவா? அவர் ஜெர்மன்காரரா? பெல்ஜியம்காரர் என்றும் சொல்கிறார்கள்."

அன்றைக்கு 'டௌட்ஸ்' என்பது தாழ்நில மக்கள் தங்கள் சொந்த மொழிக்கே சொன்ன பெயர். இன்று அது ஜெர்மனை மட்டும் குறிக்கிறது. பழைய தலைப்புகளில் அதைப் பார்த்தால் டச்சு என்றே படியுங்கள்.

புரூஜ் இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே அவர் பெயரில் ஒரு சதுக்கமும் அதில் சிலையும் உண்டு. நெதர்லாந்து தன் உயர்ந்த அறிவியல் பரிசுகளில் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. அவர் பிறந்தபோது இரு நாடுகளும் இப்போதுள்ள வடிவில் கிடையாது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பது விஸ்குண்டேதான்.

"இப்படி ஒட்டுச்சொல் ஏதாவது நம்ம தமிழுக்கு வந்திருக்கா?"

ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது: கக்கூசு. டச்சில் 'கக்' மலம், 'ஹௌஸ்' வீடு, சேர்ந்து 'கக்ஹௌஸ்'. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இலங்கையிலும் நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற கரையோர ஊர்களிலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அவர்கள் சொல்லே, ஆனால் அது கூட்டுச்சொல் அல்ல. இலங்கையில் உருளைக்கிழங்குக்குச் சிங்களத்தில் 'அர்தாபல்'. அது டச்சு 'ஆர்ட்அப்பல்', மண் ஆப்பிள்.

"பொண்ணு வகுப்பில் ஸ்ப்ரேக்பர்ட் கொடுக்கணும். ஸ்தெவினைப் பற்றி என்ன சொல்லலாம்?"

ஸ்ப்ரேக்பர்ட் என்பது பிள்ளைகள் முறை வைத்து வகுப்பின் முன் நின்று பேசுவது. அதுவும் கூட்டுச்சொல்தான், 'பேச்சு முறை'. இரண்டு விஷயம் சொல்லச் சொல்லுங்கள், பலகையில் வரைந்து காட்ட முடிகிறவை.

ஒன்று, உருண்டை மாலை. ஒரு முக்கோணக் கட்டை, ஒரு சரிவு மற்றதைவிட இரு மடங்கு நீளம். அதைச் சுற்றிப் பதினான்கு சம எடை உருண்டைகள் கோத்த மாலை. நீளமான சரிவில் நாலு, குட்டைச் சரிவில் இரண்டு, கீழே எட்டு தொங்கும். நாலு இரண்டைவிடக் கனம், ஆகவே மாலை நகரும் என்றால், நகர்ந்த பிறகும் அதே அமைப்புத்தான் இருக்கும், ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே சரிவில் நாலும் இரண்டும் சமநிலையில் நிற்கின்றன. ஒரு சூத்திரமும் இல்லாமல் சாய்தள விதி கிடைத்துவிட்டது. அந்தப் படத்தை ஸ்தெவின் புத்தகத்தின் முகப்பிலேயே போட்டார்.

இரண்டாவது, தசமம். 27.847 என்பதை அவர் 27⓪8①4②7③ என்று எழுதினார். அதோடு 37⓪6①7②5③, 875⓪7①8②2③ இரண்டையும் கூட்டுவது அவர் நூலில் உள்ள எடுத்துக்காட்டு. விடை 941⓪3①0②4③. பலகையில் எழுதி, வகுப்பையே கூட்டிப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடம் ஓடிவிடும். பேச்சுக்கு வழக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடம்தான் கொடுப்பார்கள், ஆகவே பாய்மர வண்டியை நேரம் மீதி இருந்தால் மட்டும் எடுக்கலாம்.